ஓரிரு இடங்களில் மழை... அந்த இடம் என் தோட்டமா?

விடியற்காலை நாலரை மணி. ஜொகூரின் லாபிஸ், சிகாமாட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போகிறவர், நெற்றி விளக்கைப் போட்டதும் முதலில் கத்தியை எடுப்பதில்லை. கையை மரத்தில் வைத்துப் பார்க்கிறார். பட்டை உலர்ந்திருந்தால் அன்றைக்கு வேலை உண்டு. ஈரமாக இருந்தால் காத்திருக்க வேண்டும். வெட்டுப்பட்டையில் தண்ணீர் ஓடினால், பால் வெட்டுக்கோட்டின் வழியே இறங்காமல் மரத்தைச் சுற்றி வழிந்து வீணாகிவிடும். தொட்டுப் பார்த்த பிறகுதான் அண்ணாந்து பார்க்கிறார். அதற்கும் பிறகுதான் கைப்பேசி.

கைப்பேசியில் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ‘மைசுவாச்சா’ செயலி சொல்கிறது: காலையில் மழை இல்லை. பிற்பகலில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை.

ஓரிரு இடங்கள். மலாயில் ‘டி சாத்து டுவா தெம்பாட்’. சென்னை வானொலியை ஒரு நாளாவது கேட்டவர்களுக்கும் இந்தச் சொல் அத்துப்படி. அது வெறும் மழுப்பல் என்று நினைத்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. இந்திய வானிலைத் துறை அதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவானால் ‘ஓரிரு இடங்கள்’, பாதி வரை என்றால் ‘சில இடங்கள்’, முக்கால் பங்கைத் தாண்டினால் ‘பெரும்பாலான இடங்கள்’. சொல்கிறவர் தெளிவாகத்தான் சொல்கிறார். கேட்கிறவருக்குத்தான் சங்கடம். அவருக்கு இருப்பது மூன்று ஏக்கர். அது அந்தக் கால் பங்கில் சேருமா, மிச்ச முக்காலில் சேருமா என்பதை எந்த அறிக்கையும் சொல்வதில்லை.

ஜொகூரில் இந்தச் சங்கடம் கொஞ்சம் கூடுதல். வரைபடத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். மேற்கே மலாக்கா நீரிணை, கிழக்கே தென் சீனக் கடல், தெற்கே ஜொகூர் நீரிணை. பகல் ஏற ஏற நிலம் சூடாகிறது. மூன்று பக்கத்திலிருந்தும் கடற்காற்று உள்ளே வருகிறது. குளுவாங், சிம்பாங் ரெங்கம் போன்ற நடு ஜொகூர்ப் பகுதிகளில் அந்தக் காற்றுகள் முட்டிக்கொள்ளும்போது ஈரக்காற்று மேலே எழும்பி, மதியம் இரண்டு மணி வாக்கில் கறுத்த மேகமாகிறது. ஒரு மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். சாலைக்கு இந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். அந்தப் பக்கம் உலர்த்திய துணி அப்படியே கொடியில் ஆடிக்கொண்டிருக்கும். எந்த மேகம் எந்தத் தோட்டத்தின் மேல் உடையும் என்று காலை ஆறு மணிக்கே சொல்லும் கணினி உலகத்தில் இன்னும் வரவில்லை.

அதனால் முன்னறிவிப்பே உதவாது என்று அர்த்தமில்லை. எதற்கு அது உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்து வைத்திருப்பவர்தான் அதில் லாபம் பார்க்கிறார்.

கப்பலில் வந்த பஞ்சாங்கம்

ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன ஊரிலிருந்துதான் இந்த மண்ணுக்குத் தமிழர்கள் வந்தார்கள். மாதப் பெயர்கள் கூடவே வந்தன. மழை மட்டும் வேறு கணக்கில் பெய்தது. ஆடியும் ஆவணியும் ஜொகூரில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். சுமத்ரா தீவின் மலைகள் குறுக்கே நிற்பதால் தீபகற்பத்தின் பெரும்பகுதிக்கு அது மழை குறைந்த பருவம். ஐப்பசி, கார்த்திகை அடைமழை என்ற வழக்கு மட்டும் ஓரளவுக்குப் பொருந்திப் போகிறது. அதுவும் மாநிலம் முழுக்க ஒரே மாதிரி இல்லை.

கிழக்குக் கரையில் மெர்சிங்கில் மழை உச்சத்துக்குப் போவது டிசம்பர், ஜனவரியில், வடகிழக்குப் பருவக்காற்றோடு. மேற்குக் கரையில் பத்து பகாட், மூவார் பக்கம் அதிக மழை பருவக்காற்று மாறும் இடைக்காலங்களில், ஏப்ரலை ஒட்டியும் அக்டோபர், நவம்பரிலும் பெய்கிறது. மெர்சிங்குக்கும் பத்து பகாட்டுக்கும் நடுவே காரில் மூன்று மணி நேரம்கூட ஆகாது. ஒரே மாநிலம், இரண்டு மழைக்காலம். மெர்சிங்கில் இருக்கும் மாமா சொன்ன தேதியில் பத்து பகாட்டில் இருக்கும் மருமகன் மிளகாய்க் கன்று நட்டால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஜொகூரில் வானிலைத் துறையின் முதன்மை நிலையங்கள் செனாய், குளுவாங், மெர்சிங், பத்து பகாட் ஆகிய நான்கு இடங்களில் உள்ளன. குளுவாங்கில் ரேடாரும் இருக்கிறது. ஜொகூர் பாருவைச் சுற்றியுள்ளவர்களுக்கு இன்னொரு சௌகரியம்: சிங்கப்பூர் வானிலைச் சேவையின் மழை ரேடார்ப் படம் தென் ஜொகூரையும் சேர்த்தே காட்டுகிறது. பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய்வரும் பலர் மாலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை எடுக்கிறார்கள். அதே படம் கூலாயில் கீரை போட்டவருக்கும் உதவும். முன்னறிவிப்பு நாளைக்குச் சொல்வது. ரேடார் இப்போது எங்கே பெய்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டுவது. அடுத்த ஒரு மணி நேரத்தைத் தீர்மானிக்க ரேடாரை மிஞ்ச ஆளில்லை.

விடியலில் வரும் சுமத்ரா

பால்மரம் வெட்டுகிறவர் ஏன் இருட்டோடு கிளம்ப வேண்டும்? பழக்கம் மட்டும் காரணமில்லை. இரவு முழுதும் மரம் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. பால் குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்தான் அதிகம். வெயில் ஏறி இலைகள் மூச்சு விடத் தொடங்கினால் அழுத்தம் இறங்கும், பாலும் குறையும். வெட்டிய பிறகு இரண்டு, மூன்று மணி நேரம் பால் சொட்டும். ஆக, விடிவதற்கு முன்பிருந்து காலை ஒன்பது, பத்து மணி வரை வானம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஐந்து மணி நேரம் தப்பினால் பிற்பகலில் வானமே இடிந்து விழுந்தாலும் மங்கில், அதாவது பால் கிண்ணத்தில், விழுந்த பாலுக்குச் சேதமில்லை.

பிற்பகல் மழைக்காரர்களான நடு ஜொகூர் மேகங்கள் இந்த விஷயத்தில் நல்லவர்கள். வில்லன் வேறு திசையிலிருந்து வருகிறான். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, குறிப்பாகத் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், சுமத்ரா தீவின் மேலும் நீரிணையின் மேலும் இரவில் திரளும் இடிமேகங்கள் நீண்ட வரிசையாகக் கிழக்கு நோக்கி வருகின்றன. ‘சுமத்ரா’ என்றே அவற்றுக்குப் பெயர். கரையைத் தொடும் நேரம் பெரும்பாலும் விடியலுக்குச் சற்று முன்னே பின்னே. முதலில் சில்லென்று ஒரு காற்று, மரக்கிளை முறிகிற அளவுக்கு. அப்புறம் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கொட்டும் மழை. அப்புறம் தூறல். மூவார், பத்து பகாட், பொந்தியான் பக்கத்துச் சிறு தோட்டக்காரர் சரியாகக் கத்தி வைக்கும் நேரத்தில் அது வந்து நிற்கும்.

பழைய தோட்டப்புறத்தில் இதற்கு விலை கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். நாள் கூலி. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, மழை விடவில்லை என்று திரும்ப அனுப்பப்பட்ட நாளில் வயிற்றுக்கு வழியில்லை. மழைக்காலம் முழுதும் கடைக்காரரின் கடன் புத்தகம் தடித்துக்கொண்டே போகும். லயத்து வீட்டின் தகரக் கூரையில் விடியற்காலை மழைச் சத்தம் கேட்டுக் கண் விழித்த பிள்ளைகளுக்கு, அம்மா இன்று வீட்டில் இருப்பாள் என்ற சந்தோஷமும், இன்று காசில்லை என்ற பயமும் சேர்ந்தே வரும். இப்போது தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. ரப்பர் மிஞ்சியிருப்பது அதிகமும் சிறு தோட்டக்காரர்களிடம். மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் பாவாடை கட்டி வெட்டுப்பட்டையை நனையாமல் காக்கும் முறை இருக்கிறது. சிலர் பாலாக எடுக்காமல் மங்கிலேயே உறையவிட்டுக் கட்டிப்பாலாக விற்கிறார்கள். மழைக்கால மாதங்களுக்கென்று அரசாங்கம் சிறு தோட்டக்காரர்களுக்கு ஓர் உதவித்தொகையும் தருகிறது.

இவர்களுக்கு வேண்டிய முன்னறிவிப்பு ஒற்றை வரிதான்: நாளை விடியலில் சுமத்ரா வருமா? நள்ளிரவு ரேடாரில் நீரிணைக்கு மேல் வில் போல வளைந்த சிவப்புக் கோடு தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஆனால் நள்ளிரவில் எழுந்து ரேடார் பார்ப்பவர் எத்தனை பேர்?

ஒவ்வொரு பயிருக்கும் ஒரு மணி

ரப்பருக்கு விடியல் என்றால், அன்னாசிக்கு ஒரு மாலைப்பொழுது. மலேசியாவில் அன்னாசி அதிகம் விளையும் மாநிலம் ஜொகூர். பொந்தியான் மாவட்டத்தில் ஓர் ஊரின் பெயரே பெக்கான் நனாஸ், அதாவது அன்னாசிப் பட்டணம். அங்கே அன்னாசிக்கு ஒரு காட்சியகமும் உண்டு. அந்தப் பக்கத்து மண் கறுத்த கரி மண். புளிப்பு மிகுந்த அந்த மண்ணில் வேறு பல பயிர்கள் முகம் சுளிக்கும், அன்னாசி தாங்கும். அன்னாசி தானாகப் பூக்கட்டும் என்று விட்டால் செடிக்கு ஒரு தேதியில் காய்க்கும். லோரியும் தொழிற்சாலையும் அப்படிக் காத்திருக்காது. அதனால் வளர்ந்த செடியின் குருத்தில் பூக்க வைக்கும் ஹார்மோன் கரைசலை ஊற்றுகிறார்கள். வெயில் தணிந்த மாலையில் அல்லது அதிகாலையில் ஊற்றினால்தான் நன்றாகப் பிடிக்கும். ஊற்றிய சில மணி நேரத்துக்குள் ஒரு கனமழை பெய்தால் மருந்து கரைந்து போகும். சில செடிகள் பூக்கும், சில பூக்காது. அறுவடை சுமார் ஐந்து மாதம் கழித்து. ஒரு மாலை மழையின் விலை அப்போதுதான் தெரியும், பாத்தியில் பாதிப் பழுத்தும் பாதிப் பிஞ்சுமாக.

இங்கே ‘பிற்பகல் இடிமழை’ என்ற அறிவிப்பு நேராகவே உதவுகிறது. பிற்பகல் மழைக்கு வாய்ப்பு என்று தொடர்ந்து வரும் வாரத்தில் மாலை வேலையை அதிகாலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

டுரியானுக்கு ஒரு மணி நேரம் போதாது, இரண்டு வாரம் வேண்டும். சிகாமாட், தங்காக், யோங் பெங் பக்கத்து டுரியான் மரங்கள் பூ எடுப்பதற்கு முன் தொடர்ச்சியாகச் சில நாள் வறட்சி கேட்கும். பிப்ரவரி, மார்ச்சில் அந்த வறட்சி அமைந்தால் ஆண்டின் நடுவில் பழம். பூ விரிவது இரவில். வௌவால்கள் வந்து மகரந்தம் சேர்ப்பதும் இரவில். அந்த நாட்களில் இரவு மழை அடித்தால் பூ கொட்டும். டுரியான்காரர் ஆறு மாத நீண்டகாலக் கண்ணோட்டத்தைப் பார்க்க வேண்டியவர். வானிலைத் துறை அதையும் வெளியிடுகிறது.

செம்பனையின் கணக்கு இன்னும் நீளம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம் என்று தெரியும். அதன் பூவில் மகரந்தம் சேர்க்கும் சிறு வண்டும் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்துதான் வந்தது. 1981-ல் முதலில் திறந்துவிடப்பட்டது குளுவாங் வட்டாரத் தோட்டங்களில். அதுவரை ஆட்களை வைத்துக் கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்தார்கள். விடாத அடைமழையில் அந்த வண்டு அதிகம் பறப்பதில்லை, குலைகளில் மணி சரியாகப் பிடிக்காது. வறட்சி வந்தாலோ மரம் ஆண் பூக்களை அதிகம் விடும். இரண்டின் பாதிப்பும் உடனே தெரியாது. மாதங்கள் கழித்து, சில சமயம் ஓராண்டுக்கும் மேல் கழித்துத்தான் லோரி எடையில் தெரியும். 2015-ல் ஒரு கோடியே 99 லட்சம் டன்னுக்கு மேல் இருந்த மலேசியாவின் கச்சாப் பாமாயில் உற்பத்தி, 2015-16 எல் நினோ வறட்சியின் பாதிப்பில் 2016-ல் ஒரு கோடியே 73 லட்சம் டன்னாக இறங்கியது. உரம் போடும் நாள் மட்டும் செம்பனைக்காரர் கையில் இருக்கிறது. கனமழைக்கு முதல் நாள் தூவிய உரம் ஆற்றுக்குப் போய்ச் சேரும்.

மூன்று நாளுக்கு முன்பே தெரிகிற மழை

ஓரிரு இடங்களில் பெய்யும் மழையைக் குறிவைத்துச் சொல்ல முடியாத அதே வானிலைத் துறை, ஒரு மழையை மட்டும் இரண்டு, மூன்று நாளுக்கு முன்பே நன்றாகச் சொல்கிறது. வடகிழக்குப் பருவத்தின் பெருமழை. சைபீரியா, சீனப் பக்கம் குளிர்காற்று திரண்டு தென் சீனக் கடல் வழியே வேகமாக இறங்கும்போது நாள்கணக்கில் விடாமல் பெய்யும். அந்தக் காற்று கிளம்பி இங்கே வந்து சேர நாளாகும் என்பதால் கணினிகளுக்குப் பிடிபடுகிறது. மழைப் பட்டை முதலில் கிளந்தான், திரெங்கானுவை நனைத்துவிட்டு மெல்லத் தெற்கே இறங்கும். ஜொகூரின் முறை பெரும்பாலும் டிசம்பர் பிற்பாதியிலும் ஜனவரியிலும், பொங்கல் பானை வைக்கும் நேரத்தில்.

2006 டிசம்பர் பிற்பாதியில் முதல் அலை. 2007 ஜனவரியில் இரண்டாவது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். கோத்தா திங்கியில் ஜொகூர் ஆறு 5.45 மீட்டரைத் தொட்டது. 1950-க்குப் பிறகு அந்த ஆற்றில் அவ்வளவு தண்ணீர் வந்ததில்லை. முதல் வெள்ளத்தில் வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்து திரும்பியவர்கள் சில வாரங்களில் மறுபடியும் மூட்டை கட்டினார்கள். 2023-ல் பருவம் முடிகிற மார்ச் மாதத் தொடக்கத்தில் மீண்டும் பெருவெள்ளம். 40,000-க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் இருந்தார்கள். சிகாமாட்டில் நீர் வேகமாக வந்து வடிந்தது. பத்து பகாட், யோங் பெங் பக்கம் தாழ்நிலத்தில் வாரக்கணக்கில் நின்றது. செம்பனைக் கன்று சில நாள் தண்ணீரைத் தாங்கும். வாரக்கணக்கில் நின்றால் வேர் அழுகும்.

வானிலைத் துறையின் தொடர்மழை எச்சரிக்கைக்கு மூன்று படி: மஞ்சள் ‘வாஸ்பாடா’, ஆரஞ்சு ‘புரோக்’, சிவப்பு ‘பஹாயா’. சிவப்பைக் கண்ட பிறகு தோட்டத்துக்கு ஓடுவதில் பயனில்லை. மஞ்சளிலேயே வடிகாலில் அடைத்திருக்கும் பனை ஓலையை இழுத்துப் போட வேண்டும். பம்பு செட்டையும் உர மூட்டையையும் மேட்டில் ஏற்ற வேண்டும். பறிக்கிற நிலையில் உள்ள காயைப் பறித்துவிட வேண்டும். ஆற்றோரத் தோட்டக்காரர் நீர்ப்பாசன, வடிகால் துறையின் ‘இன்போ பஞ்சிர்’ தளத்தையும் பார்க்கலாம். எந்த ஆறு எத்தனை மீட்டரில் ஓடுகிறது என்று அதில் தெரியும். மழை நின்றுவிட்டதே என்று நிம்மதியாகப் படுப்பவர்களை மேல் ஆற்றிலிருந்து இறங்கும் தண்ணீர்தான் நடுராத்திரியில் எழுப்புகிறது.

மேற்குக் கரைக்காரருக்கு மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு, கடல் ஏற்றம். 1974-ல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய மேற்கு ஜொகூர் வேளாண் மேம்பாட்டுத் திட்டத்தில் கரையோரம் கட்டிய மதகுகள் கடல் ஏறும்போது மூடும், இறங்கும்போது திறக்கும். பெருமழையும் பௌர்ணமி ஏற்றமும் ஒரே நாளில் வந்தால் உள்ளே இருக்கும் தண்ணீருக்குப் போக வழியில்லை. மழை அறிவிப்போடு அமாவாசை, பௌர்ணமியையும் பார்க்கிற பழக்கம் தமிழர் வீட்டு நாட்காட்டியில் ஏற்கெனவே இருக்கிறது, வேறு காரணத்துக்காக.

இந்த இடத்தில் 2001-ஐ மறக்கக் கூடாது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாகாது என்று பாடப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 26-ல் வெறும் 1.4 பாகை வடக்கே ‘வாமெய்’ உருவாகி, மறுநாள் ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. குனோங் பூலாய் மலையில் மண்ணும் பாறையும் சரிந்து உயிர்கள் போயின. அப்படியொன்று 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வரும் என்று பிறகு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள்.

வெள்ளம் பற்றிப் பேசுகிற அளவுக்கு ஜொகூரின் வறட்சியை யாரும் பேசுவதில்லை. 2016 அக்டோபரில் கோத்தா திங்கியின் லிங்கியு நீர்த்தேக்கம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. மழையில்லாத நாட்களில் புகையும் சேர்ந்துகொள்ளும்: 2013 ஜூன் 23 காலை மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டு, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்தப் புகை சுமத்ராவின் காட்டுத்தீயிலிருந்து வந்தது. மழை தரும் சுமத்ராவும் புகை தரும் சுமத்ராவும் ஒரே பருவத்து ஆட்கள்.

மைலோ டின்

இவ்வளவு ரேடாரும் செயலியும் இருக்கும்போது தோட்டப்புறத்தில் ஒன்று காணாமல் போய்விட்டது. அந்தக் காலத் தோட்ட ஆபீஸ் வாசலில் ஒரு மழைமானி இருக்கும். தினமும் காலையில் அதைப் பார்த்து ஏட்டில் எழுதுவது ஆபீஸ் வேலைகளில் ஒன்று. எந்தக் காட்டில் எப்போது உரம் போடலாம் என்ற முடிவுக்கு அந்த ஏடு உதவியது. தோட்டங்கள் கைமாறின, துண்டாகின, தாமான் என்னும் குடியிருப்புகளாகின. ஏடுகள் எங்கே போயினவோ.

ஒரு தோட்டத்துக்கு வேண்டியிருந்த மழைமானி மூன்று ஏக்கர்க்காரருக்கும், தாமான் வீட்டு வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் தொட்டியில் மிளகாயும் வைத்திருப்பவருக்கும் இன்னும் எளிதாகக் கிடைக்கும். வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள காலி மைலோ டின் போதும். மரநிழலும் கூரைச்சாரலும் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்து, உள்ளே அளவுகோலை விட்டுப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர் என்பது 10 மில்லிமீட்டர் மழை. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். வானிலைத் துறை இடிமழை எச்சரிக்கை விடும் அளவு மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல். ஒரு ஏக்கரில் அது 80,000 லிட்டர். அவ்வளவு தண்ணீர் ஒரு மணி நேரத்தில் இறங்கிய பாத்திக்கு மறுநாள் யாரும் குழாய் பிடிக்க மாட்டார்கள். ஐந்து மில்லிமீட்டர்தான் என்றால் தொட்டிச் செடிக்கு அது மேல் மண்ணோடு சரி; வேருக்கு ஊற்றத்தான் வேண்டும். சத்தத்தை வைத்து மழையை அளக்கிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், தகரக் கூரைக்கு இரண்டும் ஒன்றுதான்.

தமிழ் வானொலிகளுக்கும் ஒரு வேண்டுகோள். துறையின் செயலியும் தளமும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசுகின்றன. மூத்த சிறு தோட்டக்காரர்களில் பலருக்கு இரண்டும் எட்டாது. விடியற்காலை நாலு மணிக்குப் பாட்டுக்கு நடுவே இரண்டே வரி: நீரிணையில் மழை வரிசை இருக்கிறதா, எந்த மாவட்டத்தை நோக்கி வருகிறது. மாநிலத்துக்கு மொத்தமாக வேண்டாம், மாவட்டம் மாவட்டமாக, தமிழில்.

அதுவரை டின்தான் துணை. மலேசியாவில் மழை நாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை எட்டு மணிக்கு முடிகிறது. நாளை எட்டு மணிக்கு டின்னைப் பாருங்கள், தேதியோடு எழுதுங்கள், தண்ணீரைக் கொட்டிவிட்டு அதே இடத்தில் வையுங்கள்.